உயர்த்தலும் நிறுத்தலும்

தமிழ்ச் சொற்களுள் தன் உழைப்புக்கு ஏற்ற மதிப்பைப் பெறாத சொல் எது என்று எம்மை யாரேனும் வினவினால், 'முட்டுக்கட்டை' என்றே விடை கூறுவோம். ஒருவருடைய நன்முயற்சியை மற்றொருவர் கெடுக்கும்போது 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். மேடைகளிலும் நாளேடுகளிலும் இச்சொல் பழிச்சொல்லாகவே வழங்குகிறது. சொல் பிறந்த இடத்திற்குச் சென்று பார்த்தாலோ, பொருள் முற்றிலும் வேறாக நிற்கிறது.

யாம் பிறந்து வளர்ந்த ஊர் திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் வலம் வரும். அவற்றுள் அண்ணாமலையார் ஏறிவரும் பெரிய தேர் அசைந்து வருவதை, இளமையில் கடை வாயில்களில் நின்று எம் தெருப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்கிறோம். கூட்டத்தின் கண்கள் தேரின் உச்சியில் இருக்கும். வடம் பிடிப்போரின் குரல் வீதியை நிறைக்கும். ஆனால், சக்கரத்தின் அருகே குனிந்து, கையில் கட்டையுடன் பின்னோக்கி நடந்துவரும் சிலரை எவரும் பார்ப்பதில்லை. தேரை நிறுத்துவோர் அவர்களே. வீதி முனையில் ஒரு பக்கத்துச் சக்கரத்திற்கு மட்டும் கட்டையிட்டுத் தேரின் முகத்தைத் திருப்புவோரும் அவர்களே. கட்டை இடுவதற்கு ஒரு நொடி பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகத் தொழிலாளர் வழக்குச் சொற்களைத் தொகுத்தபோதுதான் இச்சொல்லின் இயல்பை ஊன்றி நோக்கினோம். 'முட்டு' என்பது தடுத்தலையும் குறிக்கும், தாங்குதலையும் குறிக்கும். சாயும் சுவருக்கு 'முட்டுக் கொடுக்கிறோம்'. ஓடும் தேருக்கு முட்டுக்கட்டை இடுகிறோம். இரண்டும் காப்பதற்காகச் செய்யப்படுபவையே. தாங்குவதைப் போற்றிய நாவு தடுப்பதை மட்டும் ஏன் பழித்தது? ஓட்டத்தில் மயங்கிய மனம், ஓட்டத்தை நிறுத்துவதை விரும்புவதில்லை என்பதே எமக்குத் தோன்றும் விடை.

இக்கருத்தை ஏட்டளவில் வைத்திருந்த எமக்கு, அதை நேரில் காணும் வாய்ப்பு ஒரு ஜீப் வழியாக வந்தது. அதனையே இம்மலரில் மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வினா பிறந்த இடம்

எம் மூத்தவர் சவ்வாது மலையின் விளைபொருள்களை வாங்கி விற்பவர். போளூரிலிருந்து மலையேறிச் சமுனாமரத்தூரை அடைந்து, அங்கிருந்து உள்ளடங்கிய சிற்றூர்களுக்குச் சென்று புளியும் தேனும் சாமையும் கொண்டு வருவார். இப்போது அப்பணியை அவர் மகன் பார்க்கிறான். அதற்காகப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் கல்லும் பள்ளமும் மிகும். வண்டியின் அடிவயிறு பாறையில் உரசும். ஆதலால் ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்திவிட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. பட்டறை ஒன்றில் விட்டு, வளைவு மிகுந்த புதிய ஸ்பிரிங் பட்டைகளையும் நீளமான ஷாக் அப்சார்பர்களையும் பூட்டிவிட்டான். பழைய பட்டைகள் கழற்றியபடியே வீட்டில் கிடந்தன.

விடுமுறையில் ஊருக்குச் சென்ற எம்மிடம் வண்டியைக் காட்டி, "சாச்சா, மூணு அங்குலம் தூக்கியாச்சு. பிரேக் ஹோஸை மட்டும் மாத்தணுமான்னு கேட்டேன். அதெல்லாம் வேணாம், பழசே போதும்னு பட்டறையிலே சொல்லிட்டாங்க. பாருங்க, தளர்வாத்தானே இருக்கு!" என்றான்.

குனிந்து பார்த்தோம். உண்மையில் தளர்வாகத்தான் இருந்தது. எம்மிடம் பொறியியல் அறிவு இல்லை. ஆயினும், ஒரு கூற்றைக் கேட்டால் அது எந்நிலையில் உண்மை என்று ஆராய்வது எம் தொழில். "சமதரையில் நிற்கும்போது தளர்வாக இருக்கிறது. மலையில் இந்த வண்டி சமதரையிலா நிற்கப் போகிறது?" என்று கேட்டோம். பிள்ளையிடம் விடையில்லை.

இதில் எம் மூத்தவர் இன்னொன்றையும் எண்ணினார். பேருந்து செல்லாத ஊர்களிலிருந்து இறங்கும்போது, இடம் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையோடு தாய் நிற்பாள். விடுதிக்குத் திரும்பும் மாணவர் நிற்பர். மூட்டைகளுக்கு இடையே அவர்களும் அமர்ந்து வருவர். "புளி மூட்டை உருண்டா பொறுக்கிக்கலாம், தம்பி. ஏறி வர்றவங்க நம்மள நம்பி ஏறுறாங்க. நீ யாரையாவது விசாரிச்சுச் சொல்லு" என்றார். ஆய்வுக் காலத்தில் எமக்குச் சொற்கள் பல வழங்கிய முதிய மேஸ்திரி ஒருவர் இன்னும் பட்டறை நடத்துகிறார். வண்டியோடு அவரிடம் சென்றோம்.

நிறுத்தும் நீர்மம்

அவரிடம் கேட்டு அறிந்ததையும் பின்னர் நூல்களில் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து ஈண்டு உரைக்கிறோம்.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளையிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெறுகிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது, பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியின்படி மிதியின் அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள சிறு உருளைகளைத் தள்ளி, சுழற்சியை அடக்குகிறது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூசன்பர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையைத் தன் காரில் அமைத்தது. நம் தமிழகத்தில் 1962இல் சென்னைப் பாடியில் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இவ்வுறுப்புகளைச் செய்து வருகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கும் திருச்சிப் பெல் நிறுவனம் இரும்பு அச்சோடு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துத் தந்தது. முட்டுக்கட்டையும் நீர்மமும் ஒரே தேரின் கீழ்ப் பணிபுரிவதை அங்குக் காணலாம்.

ஜீப்பில் இந்த ஆயில் செல்லும் வழி பெரும்பாலும் எஃகுக் குழாய். அது சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரங்களைத் தாங்கும் அச்சின் மேலும் எஃகுக் குழாய் உண்டு. ஆனால், அடிச்சட்டமும் அச்சும் ஒன்றுக்கொன்று அசையாதவை அல்ல. இடையில் ஸ்பிரிங் பட்டை இருக்கிறது. பள்ளத்தில் அச்சு இறங்கும், மேட்டில் ஏறும். அசையும் இவ்விடத்தில் எஃகுக் குழாய் வைத்தால் சில நாளில் முறிந்துவிடும். ஆதலால் அங்கு மட்டும், உள்ளே நூலிழை பொதிந்த ரப்பர்க் குழாய் இணைக்கப்படுகிறது. அதுவே பிரேக் ஹோஸ். பட்டறை வழக்கில் 'ஓஸ்' என்பர். ஏறத்தாழ ஒரு சாண் அளவே நீளமுள்ள அத்துண்டே, நிலைத்திருக்கும் பகுதிக்கும் அலையும் பகுதிக்கும் நடுவே உள்ள ஒரே பாலம்.

பழைய ஜீப்புகளில் முன் அச்சிலும் பின் அச்சிலும் சட்டத்திலிருந்து இறங்கும் ஹோஸ் உண்டு. முன்சக்கரங்கள் திரும்ப வேண்டியிருப்பதால், அச்சிலிருந்து ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனியே சிறு ஹோஸ் செல்லும். வண்டியை உயர்த்தும்போது இச்சிறு ஹோஸ்களுக்குக் கேடில்லை. அவற்றின் இரு முனைகளும் அச்சோடே ஏறி இறங்குபவை. சட்டத்திற்கும் அச்சிற்கும் இடைப்பட்டதே ஆராய வேண்டியது.

தொங்கும் நிலை

மேஸ்திரி முதலில் முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார். பிறகு பின்புறச் சட்டத்திற்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்தினார். அச்சுக்கு அடியில் கொடுக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். சட்டம் ஏற ஏற, அச்சு தன் எடையால் கீழே தங்கியது. பட்டைகள் தளர்ந்தன. சற்று முன்னர் வளைந்து கிடந்த ஹோஸ் நிமிரத் தொடங்கியது. இன்னும் இரண்டு அங்குலம் ஏறியதும் கட்டிய நூல்போல் விறைத்தது. அதன் மேல்முனையைத் தாங்கிய தகடு மெல்ல வளைவதைக் கண்டோம். மேஸ்திரி ஜாக்கியை நிறுத்திவிட்டு, பிள்ளையை அழைத்து ஹோஸை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அது அசையவில்லை.

"ஷாக்கைப் பாருங்க தம்பி. அது நீள இன்னும் ஒரு அங்குலம் இருக்கு. ஓஸுக்கு இல்லை. இப்ப இந்தப் பின் அச்சைத் தாங்கித் தூக்கிக்கிட்டிருக்கிறது ஷாக்கு இல்லை, பிரேக் ஓஸு" என்றார்.

இவ்வொரு தொடரில் வினாவிற்குரிய விடை முழுவதும் அடங்கியிருந்தது. சமதரையில் நிற்கும்போது உள்ள தளர்வு எதையும் மெய்ப்பிக்காது. அச்சு இயன்றவரை கீழே தொங்கும் நிலையில் ஹோஸ் எப்படியிருக்கிறது என்பதே அளவுகோல். மலைப்பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது எதிர்ச்சக்கரம் பள்ளத்தில் தொங்கும். அந்நிலை ஒரு நொடியே நீடிக்கலாம். அந்நொடிக்குப் போதாத ஹோஸ் எப்போதைக்கும் போதாததே.

அவர் தம் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் கூறினார். உயர்த்திய வண்டி ஒன்று காட்டோடையைக் கடக்கையில் பின்சக்கரம் குழியில் தொங்கியது. ஹோஸ் இணைப்பிடத்தில் கிழிந்தது. அவ்விடத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆகவே கிழிந்தது தெரியவில்லை. ஓடையைத் தாண்டி ஏறி, அடுத்த இறக்கத்தில் மிதித்தபோது மிதி தரைவரை சென்றது. மலைச்சரிவின் பக்கம் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் எலும்பு முறிவோடு உயிர் பிழைத்தனர். அறுந்த இடம் ஒன்று, அறிந்த இடம் மற்றொன்று. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழி இருந்தமையால், ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் கைவிடும். பிற்கால வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு நிறுத்தும். அதுவும் பாதி வலிமையே.

அறாது நீளும் ஹோஸுக்கும் தீங்கு உண்டு. அடிக்கடி இழுபடும் ரப்பரில் வெடிப்பு விழும். உட்சுவர் நைந்து வழியை அடைக்கும். புறத்தே நலமாகத் தோன்றும் ஹோஸ் அகத்தே நோயுற்றிருக்கலாம். இக்காரணத்தால்தான் பிரேக் வேலை பார்க்கும்போது உறுப்புகளை ஹோஸில் தொங்கவிடக் கூடாது என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

எப்போது நீட்ட வேண்டும்

'வண்டியை உயர்த்தினால் ஹோஸை நீட்ட வேண்டுமா?' என்ற வினாவிற்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் விடை கூறுவது தவறு. 'எதனை உயர்த்தினீர்?' என்று எதிர்வினா எழுப்ப வேண்டும்.

சட்டத்தை அப்படியே விட்டு, அதன்மேலுள்ள உடற்கூட்டை மட்டும் இடைக்கட்டை வைத்து உயர்த்தினால் சட்டத்திற்கும் அச்சிற்கும் உள்ள தொலைவு மாறாது. அந்த ஹோஸுக்கு வேலையில்லை. ஆனால், மிதியும் மாஸ்டர் சிலிண்டரும் உடற்கூட்டோடு ஏறும் அமைப்பாயின் மேற்பகுதிக் குழாய்களைப் பார்க்க வேண்டும். பெரிய டயர் மட்டும் போட்டால் அச்சும் சட்டமும் சேர்ந்தே உயரும். அப்போதும் ஹோஸின் நீளம் மாற வேண்டியதில்லை. டயர் திரும்பும்போது ஹோஸில் உரசுகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

ஸ்பிரிங்கை மாற்றியோ, பட்டையைத் தாங்கும் ஷாக்கிளை நீட்டியோ, அச்சுக்குக் கீழிருந்த பட்டையை அச்சுக்கு மேலே வைத்தோ உயர்த்தினால் தொலைவு மாறும். ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் சட்டம் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும். பட்டையை அச்சின்மேல் ஏற்றினாலோ பல அங்குலம் உயர்ந்துவிடும். பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டால் அச்சு தொங்கும் எல்லையை அது ஓரளவு தடுத்து நிறுத்தும். நீளமான ஷாக் பூட்டினால் அந்த எல்லையும் கீழே போய்விடும். எம் பிள்ளையின் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. இவ்வகையில் உயர்த்தியவர் ஹோஸைத் தொங்கும் நிலையில் அளந்தே தீர வேண்டும். போதவில்லையெனில் நீட்டியே தீர வேண்டும்.

மேஸ்திரி சொன்ன நெறி எளியது. அச்சு கீழே இறங்குவதை முதலில் நிறுத்துவது ஷாக்காக இருக்க வேண்டும், அல்லது அதற்கெனக் கட்டிய வாராக இருக்க வேண்டும். ஹோஸ் ஒருபோதும் எல்லைக்கல்லாக நிற்கக் கூடாது. முழுத் தொங்கலில், ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும், ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பியும் பார்த்தபின்னும் ஹோஸில் சிறிது தளர்வு எஞ்சியிருக்க வேண்டும். அத்தளர்வும் அளவோடு இருக்க வேண்டும். மிகுந்தால் டயரிலோ சூடேறிய புகைக்குழாயிலோ உரசும். அச்சு மேலேறும்போது நசுங்கும்.

உயர்வு சிறிதாயின், ஹோஸின் மேல்முனை பூட்டிய தகட்டைச் சற்றுக் கீழிறக்கி அமைத்தாலே போதுமானதாகலாம். அதற்கு உறுதியான தகடும் முறையான போல்ட்டும் வேண்டும். உயர்வு மிகுந்தால், தரமுத்திரை பெற்ற நீளமான ஹோஸை அதே வகைத் திருகுமுனையோடு வாங்கிப் பூட்ட வேண்டும். பூட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

செய்யத் தகாதன சில உள. இரண்டு ஹோஸ்களை ஒட்டி ஒன்றாக்குதல் கூடாது. சாதாரண ரப்பர்க் குழாயைச் செருகிக் கம்பியால் கட்டுதல் கொடிது. மிதியை ஓங்கி அழுத்தும்போது உள்ளே எழும் அழுத்தம் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப்போலப் பன்மடங்கு. எஃகுக் குழாயை இழுத்து நிமிர்த்தி நீளம் காண்பதும் தவறு. இணைப்பைக் கழற்றினால் உள்ளே காற்று புகும். நீர்மம் சுருங்காது, காற்று சுருங்கும். ஆதலால் பட்டறையார் 'ஏர் எடுத்தல்' என்று சொல்லும் பணியைச் சக்கரம் சக்கரமாகச் செய்ய வேண்டும். அப்போதே ஆயிலையும் புதிதாக்கிவிடுதல் நன்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்து ஆயில் ஈரமின்றி இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரமேறிய நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகக் குறைகிறது. நெடிய மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது எழும் வெப்பத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், ஹோஸ் எவ்வளவு நலமாக இருந்தும் பயனில்லை. கீழ்க்கியரில் இறங்குவதே அறிவுடைமை.

உயர்வின் விலை

பிள்ளைக்கு அன்று வியப்பளித்த செய்தி வேறொன்று. அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டிதான் பாறையில் முதலில் இடிபடுவது. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் அப்பெட்டி ஓர் இம்மியும் உயராது. அது டயரின் அளவால் மட்டுமே உயரும். மூன்று அங்குல உயர்வால் சட்டத்தின் அடிவயிறு உயரும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவே. மறுபுறம், வண்டியின் எடைமையம் மேலே போகிறது. வளைவில் கவிழும் வாய்ப்பு மிகுகிறது. புரொப்பல்லர் தண்டின் சாய்வு மாறி மூட்டுகள் தேய்கின்றன. ஸ்டியரிங் தண்டின் கோணம் பிறழ்கிறது. டயர் பெரிதானால், அதே பிரேக்குக்கு அதை நிறுத்துவது முன்னினும் கடினமாகிறது. உயர்த்தும் செயல் ஒன்று. அதற்கேற்பத் திருத்த வேண்டியவை பல. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவது பேசப்படுகிறது. மெல்லியது என்று எண்ணி அளவின்றி ஏற்றுவதன் விளைவை அந்நாளிலேயே வண்டியைக் கொண்டு விளக்கினார் வள்ளுவர்.

சட்டமும் இதில் வாளா இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் முதலில் வகுத்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வண்ணம் உரிமையாளர் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பு இத்தடையை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், இசைவில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு திங்கள்வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது. பழைய உறுப்புகளைக் கொண்டு ஜீப்புகளை உருமாற்றி விற்பதற்கு நாடறிந்த ஊர் அரியானாவின் மண்டி டப்வாலி. அங்குப் பலருக்கு இதுவே பிழைப்பு. பிழைப்பின் அருமை நமக்குத் தெரியும். ஆயினும் பொதுச்சாலை பலருக்கும் உரியது. எனவே, வண்டியை உயர்த்த விரும்புவோர் பட்டறைக்குச் செல்வதற்கு முன்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வினவி அறிய வேண்டும். தனியார் நிலத்தில், அடைத்த களத்தில் போட்டிக்காக வண்டியோட்டுவோர் உயர்த்துவது வேறு. அவர்களுக்கும் மேலே சொன்ன ஹோஸ் நெறி சிறிதும் தளராது பொருந்தும்.

மூத்தவர் முடிவு

மேஸ்திரி சொன்னதையெல்லாம் கேட்டபின், "நீளமான ஓஸ் சென்னையிலேருந்து வர ரெண்டு நாள் ஆகும். போட்டுத் தரட்டுமா?" என்று அவரே வினவினார். பிள்ளை உடனே ஒப்பினான். "ஓஸ் ஒண்ணுதானே அத்தா, மாத்திட்டாப் போச்சு" என்றான்.

எம் மூத்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஓஸை நீட்டிடலாம். கவிழுற பயத்தையும் சட்டத்தையும் எதால நீட்டுறது? பழைய பட்டையை வீட்டுலேருந்து எடுத்து வா" என்றார். பிள்ளையின் முகம் வாடியது. நாற்பதினாயிரத்திற்கு மேல் செலவிட்டிருந்தான். அவ்வாட்டத்தை யாம் சிறுமையாகக் கருதவில்லை. மழையில் பாறை உரசும் பாதையில் நாள்தோறும் செல்பவன் அவன். வகுப்பறையில் இருந்து அறிவுரை கூறுவது எமக்கு எளிது.

வண்டி பழைய உயரத்திற்கே திரும்பியது. ஆனால், ஹோஸ்கள் மட்டும் பழையவையாக இருக்கவில்லை. கழற்றி வளைத்துப் பார்த்தபோது பின்ஹோஸின் இணைப்பருகே மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. உயர்த்தியதால் வந்ததா, வயதால் வந்ததா என்று மேஸ்திரியால் உறுதி கூற இயலவில்லை. இரண்டையும் மாற்றி, ஏர் எடுத்து, சமவெளியில் ஓட்டிப் பார்த்த பின்னரே மலைக்கு அனுப்பினார். டிஃபரன்ஷியல் பெட்டிக்கு அடியில் காப்புத் தகடு ஒன்றையும் பூட்டினார். பிள்ளை இப்போது பாதையின் கடினமான இரண்டு இடங்களில் இறங்கி, கல்லை ஒதுக்கிவிட்டு ஓட்டுகிறான். கால் மணி நேரம் கூடுதலாகிறது என்று குறைப்படவும் செய்கிறான்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பட்டம் பெற்று வெளியேறுகையில் உங்களை உயர்த்தப் பலர் முன்வருவர். பணியும் பொருளும் உயரும். உயர வேண்டும் என்பதே எம் வேண்டுதலும். அவ்வாறு உயரும்போது உங்களைத் தக்க இடத்தில் நிறுத்தும் உறவு எது, நட்பு எது, நெறி எது என்று பாருங்கள். பெற்றோரின் ஒரு சொல்லாகவோ ஆசிரியரின் ஒரு கண்டிப்பாகவோ அது இருக்கலாம். பழைய உயரத்திற்கு அளந்து வைத்த அந்த இணைப்பைப் புதிய உயரத்திற்கும் எட்டுமாறு நீங்களே முன்கூட்டி நீட்டி வையுங்கள். எல்லாம் சமதரையில் நிற்கும் நாளில் அது தளர்வாகத்தான் தெரியும். அதை நம்பி அமைந்துவிட வேண்டா.

இவ்வுவமைக்காக மட்டும் இதனை எழுதவில்லை. நம் மாணவருள் ஜீப்பும் வேனும் ஓட்டும் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். இக்கட்டுரையை மறந்தாலும் ஒன்றை மறவாதீர். ஸ்பிரிங்கை மாற்றிய எந்த வண்டியிலும் ஏறுவதற்கு முன், சக்கரத்திற்குக் கட்டை வைத்து, சட்டத்திற்கு ஜாக்கி கொடுத்து, பாதுகாப்பாகத் தாங்கி நிறுத்தி, அச்சைத் தொங்கவிட்டு ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை அது. "எதற்கு இந்த முட்டுக்கட்டை?" என்று யாரேனும் சலித்துக்கொண்டால், பொறுமையோடு கேட்டுக்கொண்டு, கட்டையை இன்னும் இறுக்கி வையுங்கள்.